திவால் கணக்கில் வராத லயம்

2016 திவால் சட்டம் தொழிலாளிக்கு நல்லதுதான் என்று ஐ.டி. நண்பர்கள் சொல்வதுண்டு. நிறுவனத்தைக் கலைத்தால், 53ஆம் பிரிவுப்படி தொழிலாளியின் 24 மாதப் பாக்கிக்கு, ஈட்டுக்கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான இடம் உண்டு. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. ஆனால் கூடலூரில் உட்கார்ந்து படித்தால் அதில் ஒரு ஓட்டை தெரிகிறது.

1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்காக எழுதியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ. 2022இல் நஷ்டத்தைக் காட்டி 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித்தர ஆணை வந்தது. ஓய்வுபெற்றவர்களிடம் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள்.

டான்டீ திவாலாகவில்லையே என்பீர்கள். ஆகியிருந்தாலும் 53ஆம் பிரிவு சம்பளத்தைத்தான் எண்ணும். வேலையோடு கட்டிய வீட்டை எண்ணாது. அமெரிக்காவில் வேலை போன எச்-1பி விசாக்காரருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. திரும்பிவர ஓர் ஊரும் இருக்கும். மண்டபம் முகாம் வழியாக வந்தவர் எந்த ஊருக்குத் திரும்புவார்?

கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தது அரசு. நஷ்டக் கணக்கு காட்டி அது விலக முடியாது. பட்டாவோடு ஒரு வீடு: அதன் கடன் பட்டியலில் அதுதான் முதலில் வரணும்.