எது தற்காலிகம்: வேலையா, ஆளா?

"ஐடி-ல நமக்கு மட்டும் வேலை நிரந்தரமா? கவர்மெண்ட் கம்பெனில இருக்கிறவங்களுக்கு மட்டும் எதுக்கு?" காலவரையறை ஒப்பந்தம் (அதான், ஃபிக்ஸட் டெர்ம்) பற்றிப் பேச்செடுத்தாலே என் துறை நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

என் வேலை உத்தரவில் முடிவுத் தேதி கிடையாது. என்னை அனுப்ப வேண்டுமென்றால் கம்பெனி ஏதாவது செய்தாக வேண்டும். குறைந்தபட்சம் நோட்டீஸாவது கொடுக்க வேண்டும். காலவரையறை ஒப்பந்தத்தில் யாரும் எதுவும் செய்ய வேண்டாம். தேதி வரும், வேலை போகும். அதோடு, எனக்கு இந்தக் கதவு மூடினால் தட்டுவதற்கு இன்னும் பத்துக் கதவு உண்டு. வெடிமருந்து வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர் ஆர்டனன்ஸ் ஃபேக்டரியை விட்டால் எங்கே போவார்?

திருச்சிக்கு இது புதுக் கதை இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையின் பிறப்பிலேயே இந்தச் சண்டை இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து பணிமனையை இங்கே மாற்றும்போது, தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியது. யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்கத் திறன் தேர்வும் வைத்தது. 1928 வேலைநிறுத்தம் அதிலிருந்து வந்ததுதான். சிங்காரவேலர் சிறைக்குப் போனதும் அதற்காகத்தான்.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2021 அக்டோபர் 1 அன்று மத்திய அரசு 41 ஆர்டனன்ஸ் ஃபேக்டரிகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனிக்கும், பக்கத்திலேயே இருக்கும் ஹெச்.ஏ.பி.பி. 'மியூனிஷன்ஸ் இந்தியா' என்ற இன்னொரு கம்பெனிக்கும் போயின. மியூனிஷன்ஸ் இந்தியாவின் ஆலைகள் வெடிமருந்துக் கட்டடத் தொழிலாளர்களை 'டென்யூர்' அடிப்படையில் எடுக்கின்றன. முதலில் ஓராண்டு; பிறகு நிர்வாகம் விரும்பினால் நீட்டிப்பு.

என் கேள்வி: எது தற்காலிகம்? வேலையா, ஆளா?

ஸ்ரீரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசிக்குப் பகல்பத்து, ராப்பத்து நாட்களில் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களுக்கு மட்டும் கூடுதலாகத் துப்புரவுக்கு ஆள் எடுத்தால் அது நேர்மையான தற்காலிக வேலை. திருவிழா முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆனால் சித்திரை வீதியையும் உத்திர வீதியையும் தினமும் கூட்டியாக வேண்டும். அந்த வேலைக்கு முடிவுத் தேதியே இல்லை. அதைச் செய்பவருக்கு மட்டும் எப்படி முடிவுத் தேதி வந்தது?

இந்த வித்தியாசத்தைத் தமிழ்நாடு எப்போதோ சட்டமாகவே எழுதிவிட்டது. 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். பேப்பரில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைவிட நடந்த வேலையைப் பார்க்கிற சட்டம்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு பேப்பரைப் பார்க்கிறது. அதில் நல்லதும் இருக்கிறது, மறுக்கவில்லை. காலவரையறைத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், சலுகைகள். ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை. கான்ட்ராக்டரிடம் மாட்டிக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. எந்த மாதிரி வேலைக்கு இப்படி எடுக்கலாம் என்ற நிபந்தனையும் இல்லை. காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பு என்ற கணக்கிலேயே வராது. இருக்கிற நிரந்தரப் பணியிடங்களைக் காலவரையறைப் பணியிடங்களாக மாற்றக் கூடாது என்று 2018 மத்திய விதிகளில் ஒரு வரி இருந்தது. புதிய சட்டத்தொகுப்பில் அந்த வரியைக் காணோம்.

முதலாளித்துவ நாடான ஜெர்மனியிலேயே, தகுந்த காரணம் இல்லாத காலவரையறை ஒப்பந்தம் பொதுவாக 2 வருடம்தான், அதற்குள் 3 நீட்டிப்புதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் உமாதேவி வழக்கின் தீர்ப்பு (2006). பின்வாசல் வழியாக வந்தவர்களை நிரந்தரமாக்கினால், தேர்வு எழுதிக் காத்திருப்பவர்களுக்கு அநியாயம் என்றது உச்ச நீதிமன்றம். சரியான வாதம். ஆனால் அந்தப் பின்வாசலைத் திறந்து வைத்தது யார்? 2012-இல் தமிழக அரசே 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகள் பள்ளிக்கு வரத்தான் செய்தார்கள், ஆசிரியர்தான் 'தற்காலிகம்'. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே, பல வருடம் உழைத்தவர்களின் நியாயமான கோரிக்கையை மறுக்க உமாதேவி தீர்ப்பைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டித்தது.

இது தொழிலாளியின் பிரச்சினை மட்டும் என்று நினைத்தால் தப்பு. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருக்கும் ஒருவர், வெடிமருந்துக் கட்டடத்தில் பாதுகாப்புக் குறை இருந்தால் மேலதிகாரியிடம் வாயைத் திறந்து சொல்வாரா? வேலைப் பாதுகாப்பு என்பது உண்மையைச் சொல்வதற்கான பாதுகாப்பும்தான். அந்தத் தைரியம் போனால் நஷ்டம் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவருக்கும்தான், சுற்றி இருக்கும் ஊருக்கும்தான்.

அடுத்த முறை ஒரு பொதுத்துறை ஆட்சேர்ப்பு விளம்பரம் கண்ணில் பட்டால், ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதோடு இதையும் கேளுங்கள்: அந்த வருடங்கள் முடிந்த மறுநாள் காலையில் அதே வேலை அங்கே இருக்குமா? இருக்கும் என்றால், அது தற்காலிக வேலை இல்லை.