இரண்டே பாத்திரங்கள்

இத்தாலியக் கணிதப் பேராசிரியர் வீட்டோ வோல்ட்டெர்ரா 1926இல் வெளியிட்ட இரண்டு சமன்பாடுகளை நான் ஒரு சிறுகதையாகத்தான் படித்தேன். என் கணக்குப் படிப்பு இண்டர்மீடியட்டோடு சரி; இருந்தும் கதை புரிந்தது. பாத்திரங்கள் இரண்டே: இரை ஒன்று, அதைத் தின்பது ஒன்று. இரை பெருகினால் தின்பது பெருகும்; அது பெருகினால் இரை குறையும்; இரை குறைந்தால் தின்பது பட்டினியில் சாகும்; மறுபடி இரை தலைதூக்கும்.

கதைக்குக் கரு மீன் சந்தையில் கிடைத்தது. பேராசிரியரின் மகளை மணந்த உம்பர்ட்டோ டாங்கோனா, ஏட்ரியாட்டிக் கடலோரத்து ஃபியூமே துறைமுகத்துக்கு வந்த மீன்களில் சுறா வகை எவ்வளவு என்று கணக்கெடுத்தார். 1914இல் நூற்றுக்குச் சுமார் 12. யுத்தத்தால் மீன்பிடி குறைந்திருந்த 1918இல் 36. வோல்ட்டெர்ரா சொன்ன விளக்கம் இது: இரண்டையும் ஒரே விகிதத்தில் பிடித்தால் லாபம் இரைக்கு, பிடிப்பதைக் குறைத்தால் லாபம் சுறாவுக்கு.

இந்த முடிவுதான் கதைக்கு உயிர் என்பது என் கட்சி. அதை மூங்கில்துறைப்பட்டில் வைத்துப் பார்க்கலாம். தென்பெண்ணைக் கரையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு போடுகிற ஊர். கரும்புக்கு எதிரி இடைக்கணுப் புழு. அந்தப் புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கிறது டிரைக்கோகிரம்மா என்ற குளவி; கடுகைவிடச் சிறியது. பூச்சிமருந்து இரண்டையும் கொல்லும். கையை விட்டுக் காசு செலவழித்தவர், தாம் அறியாமலே புழுவின் கட்சியில் சேர்ந்துவிடக் கூடும். கலிபோர்னியாவில் 1940களில் டி.டி.டி. அடித்த ஆரஞ்சுத் தோட்டங்களில் இதுதான் நடந்தது: அரை நூற்றாண்டாக அடங்கியிருந்த செதில் பூச்சி, அதைத் தின்றுவந்த பொறிவண்டு செத்ததும் மீண்டும் பெருகிவிட்டது.

கதையில் குறை இல்லாமல் இல்லை. அதில் நிலம் இல்லை, பருவம் இல்லை, அறுவடை இல்லை. கரும்பை வெட்டினால் புழுவுக்கும் குளவிக்கும் வீடு போய்விடுகிறது. குளவி அட்டையை நாலாம் மாதம் முதல் பதினைந்து நாளைக்கு ஒரு தடவையாக ஆறு தடவை கட்டச் சொல்கிறார்கள் விவசாய நிபுணர்கள். கணக்கிலே உள்ளபடி எல்லாம் தானே சுழன்று வருமானால், ஒரு தடவை கட்டினால் போதாதா?

ஆகவே இதை யதார்த்த நாவலாகப் படிக்கக் கூடாது. அப்படிப் படித்தால் ஏமாற்றம்தான். பஞ்சதந்திரக் கதையைப் படிப்பதுபோலப் படிக்கலாம். மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன், தோட்டத்தில் குளவி இருக்கிறதா என்று ஒரு விவசாயியைப் பார்க்கச் சொல்லுமானால், என் கணக்கில் அது நல்ல கதை.