ஸ்கடர் எழுதாத வீடு

1849இல் அமெரிக்கன் டிராக்ட் சொசைட்டி சிறுவர்களுக்கென்று ஒரு நூலை வெளியிட்டது. எழுதியவர் டொக்டர் ஜோன் ஸ்கடர். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'அஞ்ஞானிகளைப் பற்றிச் சிறு வாசகர்களுக்கான கதைகள்' என்று ஏறக்குறைய வரும். அஞ்ஞானிகள் என்று அவர் சொல்வது முதலில் நம்முடைய சைவ அயலவர்களை. பிறகு பர்மாவும் சீனாவும் வருகின்றன.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைப் பற்றித் தமிழில் நான் வாசித்தவை பெரும்பாலும் பள்ளிக்கூடம், அச்சகம், ஆஸ்பத்திரி என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன. அவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதியதை யாரும் இலக்கியமாக எடுத்து வைத்துப் பேசியதாகத் தெரியவில்லை. நான் இந்த நூலைத் தேடி எடுத்ததற்குக் காரணம் பண்டத்தரிப்பு. 1820 முதல் பத்து வருடத்துக்குக் கிட்டவாக ஸ்கடர் குடியிருந்து பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்த ஊர் அது. வீட்டில் மூன்று வயதும் ஆறு வயதுமாக இரண்டு பேரை வைத்துக்கொண்டு, இரவில் அவர்கள் தூங்கிய பிறகு கிடைக்கிற அரை மணி நேரத்தில்தான் நான் வாசிக்கிறேன். அதனால் எந்த நூலிலும் வீட்டையும் சின்னப் பிள்ளைகளையும் தேடிப் பார்க்கிற ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இந்த நூலிலும் அதைத்தான் தேடினேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். ஸ்கடருக்குப் பிள்ளைகளோடு கதைக்கத் தெரியும். அன்பான பிள்ளைகளே என்று விளித்து, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறார். நூல் தொடங்குகிற இடமும் ஒரு வீடுதான். தான் சிறுவனாக இருந்தபோது, படுக்கப்போகும் முன் சொல்வதற்குத் தாய் கற்றுக்கொடுத்த சிறு ஜெபத்தை நினைவுகூர்ந்து ஆரம்பிக்கிறார். இதைவிடப் பொருத்தமான தொடக்கம் ஒரு சிறுவர் நூலுக்குக் கிடைக்காது. நம் வீடுகளிலும் உம்மாமார் பிள்ளையைப் படுக்கப்போட்டு, தலையைத் தடவி, தூங்கப்போகும்போது ஓதுகிற துஆவைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த முதற் பக்கத்தை வாசிக்கும்போது எனக்கு ஸ்கடர் அந்நியராகத் தெரியவில்லை.

அடுத்த பக்கங்களில்தான் சிக்கல் வருகிறது. இந்தப் படுக்கையறை ஜெபம் கிடைக்காத பிள்ளைகள் என்று மறுபக்கத்தில் நிறுத்தப்படுகிறவர்கள், அவர் பல வருடம் அருகில் இருந்து பார்த்த பிள்ளைகள். விளக்கு வைக்கிற நேரம் பிள்ளையை மடியில் இருத்தி, இரண்டு கையையும் தன் கைக்குள் சேர்த்துப் பிடித்துக் கும்பிடப் பழக்குவது பண்டத்தரிப்புத் தாய்மாருக்கும் தெரிந்த காரியம். அந்தக் கும்பிடு சரியா பிழையா என்பது மார்க்க விஷயம், அதில் அவருக்கும் கருத்து உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் ஒரு தாயும் ஒரு பிள்ளையும் ஒரு பொழுதும் அங்கே இருந்தன. நூலில் அவை இல்லை.

அவருடைய வீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தவை கொஞ்சம் உண்டு. 1819 யூன் மாதத்தில் மனைவி ஹரியட்டோடும் ஒரு சின்ன மகளோடும் பொஸ்டனில் கப்பலேறினார். வங்காளத்தில் இறங்கிச் சிறிது காலத்துக்குள் அந்த மகள் இறந்துபோனாள். அடுத்த வருடம் தெல்லிப்பழையில் பிறந்த இன்னொரு மகளும் பிறந்த சில நாட்களில் போய்விட்டாள். பண்டத்தரிப்புக்கு அவர்கள் குடிவந்தது கைக்குழந்தை இல்லாமல். பழைய தேவாலயத்தோடு சேர்ந்த இடத்தைத் திருத்தி அங்கே இருந்தார்கள். 1822இல் ஹென்றி மார்ட்டின், 1823இல் வில்லியம், 1826இல் ஜோசப் என்று பிள்ளைகள் அந்த ஊரிலேயே பிறந்தார்கள். மூத்தவனுக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். ஷீராஸில் உலமாக்களோடு விவாதம் செய்த, உருதுவிலும் பாரசீகத்திலும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த ஹென்றி மார்ட்டின் பாதிரியாரின் பெயர் அது. பண்டத்தரிப்பு மணலில் தவழ்ந்த ஒரு பிள்ளைக்கு அவ்வளவு பாரமான பெயர்.

மூன்று ஆண் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் முழங்காலில் காயம் வந்திருக்கும். காய்ச்சல் வந்திருக்கும். வேலிக்கு அப்பால் விளையாடுகிற சத்தம் கேட்டு ஓடியிருப்பார்கள். இவை என் ஊகம். ஆனால் இரண்டு மகள்மாரைப் பறிகொடுத்த தாயிடம் அயல் பெண்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியாது. நம் ஊரில் அப்படி நடக்காது. ஹரியட்டின் சகோதரர் வாட்டர்பரி, ஸ்கடரின் வாழ்க்கை வரலாற்றை 1870இல் வெளியிட்டார். பெரியவர்களுக்கான அந்த நூலில் இந்த இழப்புகள் இடம்பெறுகின்றன. பிள்ளைகளுக்கு எழுதிய நூலிலோ, சொந்தத் துயரம் தெரிந்த அந்தத் தகப்பன் பேசுவதை நான் கேட்கவில்லை.

இந்துக்களின் உடை, வீடு, சாப்பாடு, வணக்கம் சொல்லும் முறை என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதற்கு முன்னால் நிறமும் நகையும் என்று ஒன்று. கலியாணத்துக்கு ஒன்று, மரணத்துக்கு ஒன்று. கலியாணத்துக்கும் மரணத்துக்கும் இடையில் ஒரு வீட்டில் நடப்பதெல்லாம் விடுபட்டுப் போய்விட்டது. வீடு ஒரு பொருளாக வருகிறது, சந்தையில் மாட்டைச் சுற்றி வந்து பார்ப்பது போல. ஏணை கட்டிய வளை இல்லை. பிள்ளைக்கு முதற் பல் முளைத்தால் தலையில் கொட்டுகிற பல்லுக்கொழுக்கட்டை இல்லை. அதைப் பொறுக்க ஓடி வருகிற அயல் பிள்ளைகளும் இல்லை. தாலாட்டு இல்லை. தொல்காப்பியத்தில் குழவி மருங்கினும் என்று குழந்தைக்கு இடம் கொடுத்த மொழி, பிள்ளைத்தமிழில் பத்துப் பருவமாகப் பிள்ளையைப் பிரித்துப் பார்த்த மொழி, அவர் காதில் விழுந்த மொழி. நபிகள் நாயகத்தின் மீதே நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மொழி பேசுகிறவர்களின் வீட்டை, பிள்ளைகள் இல்லாத வீடாக அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் காட்டியது எப்படி?

வெறுப்பினால் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. வெறுப்பவர் பத்து வருடம் ஒரு கிராமத்தில் இருந்து காய்ச்சல்காரரைப் பார்க்க மாட்டார். அந்த நூல் தன் வாசகர்களிடம் எதைக் கேட்கிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஜெபம் செய்யச் சொல்கிறது. காசு கொடுக்கச் சொல்கிறது. வளர்ந்து மிஷனரியாக வரச் சொல்கிறது. இந்த மூன்றையும் ஓர் எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து வாங்க வேண்டுமென்றால், அந்தப் பக்கத்து வீடு குறைபட்ட வீடாக இருந்தே ஆக வேண்டும். அங்கேயும் ஒரு பிள்ளை சாப்பிட அடம்பிடிக்கிறது, தாய் நிலவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறாள் என்று எழுதினால், வாசிக்கிற பிள்ளை சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும். காசு வராது. அக்காலத்து மிஷன் சிறுவர் எழுத்துகளில் கங்கையில் பிள்ளையை எறிகிற தாயின் படம் திரும்பத் திரும்ப வந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பெயர் விஷயத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து மிஷன் விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கர்களுடைய அல்லது அவர்கள் விரும்பிய பெயர்களை வைக்கும் வழக்கம் இருந்தது. தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்று பெயர்களை மனப்பாடம் செய்தோம். 'பாவலர் சரித்திர தீபகம்' 1886 என்று எழுதினால் இரண்டு புள்ளி. அந்த ஆர்னல்ட் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று விரிவுரை மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைப்பது வீட்டுக்குள் நடக்கிற காரியம். நம்மில் ஏழாம் நாள் முடி களைந்து, அகீகா கொடுத்து, பெயர் வைக்கிறோம். அந்த உரிமை கடல் கடந்து ஒரு கொடையாளியிடம் போனது என்றால், தாய் தகப்பன் வைத்த பெயர் அந்த வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயராக ஒதுங்கியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதே மிஷனில், பண்டத்தரிப்பிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க மானிப்பாயில், சாமுவேல் கிறீன் இருந்தார். ஸ்கடருடைய சிறுவர் நூல் வெளிவருவதற்கு இரண்டு வருடம் முன்னர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். அவரும் மருத்துவர், அவரும் மிஷனரி, அவருக்கும் மதமாற்றம் நோக்கம்தான். ஆனால் 1857இல் அவர் தமிழில் கொண்டுவந்த நூலின் பெயர் 'பிரசவ வைத்தியம்'. பிள்ளைப்பேற்றைப் பற்றித் தமிழில் எழுதப் போகிறவர், இங்கே பெண்கள் கருவை, வலியை, பிள்ளை புரள்வதை என்ன சொல்லிக் குறிக்கிறார்கள் என்று காது கொடுத்தே தீர வேண்டும். படிக்கப் போகிறவர் இங்கேயே இருக்கிறார், பிழையாக எழுதினால் ஓர் உயிர் போகும். ஸ்கடருடைய வாசகர் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். எழுதப்பட்ட வீட்டுக்காரர் அந்த நூலை ஒருநாளும் வாசிக்கப் போவதில்லை. இரண்டு நூல்களுக்கும் உள்ள வித்தியாசம் இருவருடைய குணத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை, முகவரியில் இருக்கிறது.

ஸ்கடர் குடும்பத்தின் இன்னொரு கதையில் நம் வீடும் வருகிறது. பேத்தி ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் தகப்பனோடு இருந்த காலம். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு இந்து. மூவருக்கும் மனைவி பிரசவ வேதனையில். மூவரும் பெண் மருத்துவரைக் கேட்கிறார்கள். ஐடாவின் தகப்பன் மருத்துவர்தான், ஆனால் ஆண். காலையில் மூன்று பெண்களும் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு வித்தான கதை இது. டொரதி கிளார்க் வில்சன் எழுதிய வரலாறு உட்படப் பல நூல்களில் சொல்லப்பட்டது. நம்மவர்கள் சிலர் இதைக் கேட்டால் கோபப்படுகிறார்கள். நான் கோபப்படவில்லை. கோஷா நம்மிடம் இருந்தது, பெண்கள் செத்ததும் உண்மை. எங்கட குடும்பத்திலேயே ஒரு தலைமுறை இணுவில் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தது. என்னை உறுத்துவது வேறு. கதை எத்தனை தரம் சொல்லப்பட்டாலும் அந்த மூன்று பெண்களுக்கும் பெயர் இல்லை. அந்த வீடுகளில் வேறு பிள்ளைகள் இருந்தார்களா, விடிந்த பிறகு அவர்களுக்கு யார் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார்கள் என்பதும் இல்லை. கதவு தட்டப்படுவதோடு கதை அந்த வீட்டைக் கைவிட்டுவிடுகிறது.

வணக்கத்துக்கு நடுவிலேயே சின்னப் பிள்ளையை வைத்துப் பார்த்த மரபு நம்முடையது. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுததும், பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாய்க்குச் சிரமம் என்று தொழுகையைச் சுருக்கியதும் ஹதீஸ்களில் பதிவாகியிருக்கின்றன. பார்த்ததை விடாமல் சொன்ன அறிவிப்பாளர்களால்தான் அவை நமக்குக் கிடைத்தன. அப்படியான மரபிலிருந்து வருகிற நாம் இன்று பிள்ளைகளுக்கு எழுதுவதை என்ன சொல்ல? என் மகள் வாசிக்கும் சிறுவர் சிறுநூல்கள் சில என் மேசையில் இருக்கின்றன. பெயர் சொல்லப் போவதில்லை. அவற்றில் வருகிற முஸ்லிம் வீட்டில் நல்ல பிள்ளை ஓதுகிறது, கெட்ட பிள்ளை தொலைக்காட்சி பார்க்கிறது. பக்கத்து வீடு வந்தால் எச்சரிக்கைக்காக மட்டும் வருகிறது. அந்த வீட்டில் சிலை இருக்கிறது, பிள்ளை இல்லை. ஸ்கடருடைய அத்தியாயத்தை யாரோ தொப்பி போட்டு மறுபதிப்புச் செய்தது போல இருக்கிறது.

வேறு ஊரில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் எங்களை வெளியேற்றினார்கள். வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 பேர். அதன்பிறகு புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒரு தமிழ் வீட்டு அடுக்களையைக் கண்டதில்லை. இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஒரு சோனக வீட்டு நோன்புக் கஞ்சியின் வாசம் தெரியாமல் இருபது வருடம் வளர்ந்தார்கள். இப்போது அந்தப் பிள்ளையள் தாய் தகப்பனாகி, ஒரே சந்தியில் ஒரே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒருவர் வீட்டை மற்றவர் கேள்விப்பட்டதிலிருந்துதான் அறிவார்கள். கேள்வியை உண்டாக்குவது எழுத்தும் பயானும்.

என் உம்மாவின் வாப்பா புடவை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சங்கானை, பண்டத்தரிப்பு, சில்லாலைப் பக்கம் போய் வந்தவர். ஏட்டில் எழுதியவர் இல்லை. ஆனால் எந்தப் படலைக்குள் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் துடக்குக் கழிய இன்னும் எத்தனை நாள், எந்தக் கிழவிக்கு மெல்லிய வெள்ளைத் துணி எத்தனை முழம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று உம்மா சொல்வார். கடனாகவும் கொடுப்பார். அடுத்த முறை போகும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்களாம். பண்டத்தரிப்பு வீடுகளைப் பற்றி ஸ்கடருக்குத் தெரியாத எதுவும் அவருக்குத் தெரிந்திருக்குமென்று நான் வாதாட வரவில்லை. ஸ்கடர் எழுதாமல் விட்டது அவர் மூட்டையில் இருந்தது, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பிள்ளை பிறந்ததிலிருந்து நாற்பது கழியும் வரை யாழ்ப்பாணத்து முஸ்லிம் வீடுகளில் புழங்கிய சொற்கள், தாலாட்டில் வரும் விளிகள், கைமருந்துகளின் பெயர்கள், அயல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரங்கள் ஆகியவற்றை ஒருவரும் இன்னும் முறையாகத் தொகுத்ததாக நான் காணவில்லை. அவற்றில் எது சைவ வீட்டிலிருந்து வந்தது, எது நம்மிடமிருந்து அங்கே போனது என்றும் பிரித்துப் பார்க்கலாம். சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தவர்களிலும் புத்தளத்தில் தங்கிவிட்டவர்களிலும் எழுபது வயது தாண்டிய உம்மாமார் இருக்கிறார்கள். நான் இதுவரை நான்கு பேரிடம் உட்கார்ந்து நூற்றுப் பத்துச் சொற்கள் குறித்து வைத்திருக்கிறேன். வாசகர்கள் தங்கள் வீட்டுச் சொற்களையும், எந்தத் தெரு, எந்த ஊர் என்ற குறிப்போடு இதழ் முகவரிக்கு எழுதியனுப்பினால் சேர்த்துக்கொள்வேன்.