மறைப்பும் காற்றும்

2004 சுனாமிக்குப் பின்னர் நமது கரையோரங்களில் எழுந்த வீட்டுத்திட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கணக்கையே பேசியிருக்கிறோம். எத்தனை கட்டினார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கு அவசியமானது. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் ஒரு பெண்ணின் பகல்பொழுது எப்படிக் கழிகிறது என்று கேட்ட விமர்சனம் எதையும் நான் வாசித்ததில்லை.

அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையில், முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்காக ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்த வீடுகள் 2007இல் நிறைவுற்றன. அழுத்திய மண்கற்களால் சுவர். உள்ளே இறப்பர் மர வேலைப்பாடு. ஒருபுறம் அறைகளும் ஹோலும், மறுபுறம் குசினியும் குளியலறையும், நடுவே கூரையிட்ட முற்றம். அங்கே வலை பொத்தலாம், சாப்பிடலாம், விருந்தாளியை இருத்தலாம். தடுப்பை இழுத்துவிட்டால் பெண்கள் மறைவில் இருந்தபடியே பேச்சில் கலந்துகொள்ளலாம்.

2013இல் இந்த வீடுகள் ஆகா கான் கட்டிடக்கலை விருதின் குறும்பட்டியலில் இடம்பெற்றன. மார்க்கத்தைப் புரிந்துகொண்ட வடிவமைப்பு என்று புகழ்ந்தால் எனக்கு அது அரைப் பாராட்டாகவே படும். மறைப்பைத் தர எந்த மேசனாலும் முடியும். ஒரு சுவர் போதும். வெக்கையும் புகையும் நிறைந்த குசினிக்குள் நமது உம்மாமாரை ஆயுள் முழுக்க நிறுத்திவைத்த வீடுகளும் மறைப்புத் தந்தவைதாம். பானின் முற்றம் மறைப்போடு காற்றையும் வெளிச்சத்தையும் மனிதக் குரலையும் சேர்த்துத் தருகிறது.

இதை வசதியானவர்களின் ரசனை என்று தள்ளிவிட முடியாது. ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மருத்துவமனையொன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரில் பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள்; மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 46 பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனாலும் சில நாட்கள் பார்த்த சுவரே இவ்வளவு செய்யுமென்றால், நாற்பது வருடங்கள் பார்த்த சுவர் என்ன செய்திருக்கும்?

முற்றம் நமக்குப் புதிதுமல்ல. காலிக் கோட்டையின் பழைய வீடுகளில் நடுமுற்றத்தை இன்றும் காணலாம். பிற இடங்களில் அதை மூடி அறையாக்கி, பிறகு மின்விசிறி வாங்கியவர்கள் நாம்தான்.

பானிடம் எனக்கொரு மனக்குறை உண்டு. அவரது முற்றத்துக்குக் கூரை இருக்கிறது. காற்று வரும், மழை வராது. பழைய நடுமுற்றத்தில் மழையும் நிலவும் வீட்டுக்குள்ளேயே இறங்கின. வரண்ட வலயத்து வெயிலுக்குக் கூரை வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், அரைமனதோடு.