முத்துக் குளித்தவர்களின் நினைவுச் சின்னம்

முத்துக் குளித்தவர்கள் கடலடியில் விட்ட மூச்சுக்குக் கல்வெட்டு ஏது? 1961ல் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தபின் அந்தத் தொழிலே கரையேறிவிட்டது. ஆனாலும் தூத்துக்குடியில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு, அது பனிமய மாதா பேராலயம் என்பேன். கத்தோலிக்க வழிபாட்டை வெறுத்த டச்சுக்காரர்கள் 1658ல் ஊரைப் பிடித்தார்கள். அவர்களின் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1713ல், இந்தக் கோயில் எழுந்தது. ஆள்பவர்களின் விருப்பத்தை மீறிக் கடற்கரையில் ஒரு கோயில் நிற்கவேண்டுமானால், அதைத் தாங்கிநின்ற, முத்துக் குளித்து வாழ்ந்த பரதவர்கள் எத்தனை உறுதியானவர்களாக இருந்திருக்க வேண்டும்! 1750ல் டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயமும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

கத்தோலிக்கம் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சமயம்தானே, அதன் கோயில் மண்ணின் சின்னம் எப்படியாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாதாவின் சொரூபமே மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. ஆனால் துறைமுகத்து ஊரில் எதுதான் கடல் வழியே வரவில்லை? வந்த பொருளை யார் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதே கேள்வி. 1806ல் செய்த பொன் தேரைப் பாருங்கள்: மாதாவை ஏற்றி, வடம் பிடித்து, வீதியில் இழுக்கிறார்கள். தேரிழுக்கும் அந்த வழக்கத்தை எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை.