வல்லோட்டி முறைக்கு டியூன்லேப் கைகொடுக்குமா?

ஓர் ஆக்டேவைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டிச் சுருதி சேர்ப்பதுதான் இன்றைய பியானோவின் வழக்கம். பாக் 1722இல் 'வெல் டெம்பர்ட் கிளேவியர்' முதல் தொகுப்பை எழுதியபோது, ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனி நிறம் தரும் சமமற்ற முறைகள் பரவலாக இருந்தன. அந்த நிறத்தை மீட்க நினைக்கும் டியூனர்கள் நாடும் செயலிகளில் ஒன்று டியூன்லேப்.

கிதார் டியூனர் இந்த வேலைக்கு ஆகாது. பியானோ கம்பி விறைப்பானது. அதன் மேற்சுரங்கள் கணக்குப்படி வரவேண்டியதைவிடச் சற்று ஏறியே ஒலிக்கும். அந்த ஏற்றமும் பியானோவுக்குப் பியானோ மாறும். டியூன்லேப் முதலில் சில சி ஸ்வரங்களைக் கேட்டு அதை அளந்துகொள்கிறது. அதற்கேற்ற வளைகோட்டை வரைந்த பிறகே, சுருதிப் பங்கீட்டு முறையைக் குறிக்கும் டெம்பரமென்ட் கோப்பிலுள்ள பன்னிரண்டு எண்களை (சென்ட் என்ற நுண்ணிய சுருதி அலகில்) அதன்மேல் கூட்டுகிறது. இதன் பெரிய பலம் இதுதான்.

பாதுவா நகர இசைஞர் வல்லோட்டியின் முறையை எடுத்துக்கொள்வோம். ஏ பூஜ்யம் என்றால் சி 5.9 சென்ட் ஏறும், இ 2 சென்ட் இறங்கும். கம்பி சுருதிக்குக் கீழே இருந்தால் திரையில் கறுப்புக் கட்டங்கள் இடப்பக்கம் ஓடும், மேலே போனால் வலப்பக்கம். லீவரை மயிரிழை அசைத்து அவற்றை நிறுத்த வேண்டும். பிறகு நடு சி-யையும் அதன் மேலுள்ள இ-யையும் சேர்த்து அழுத்திக் கேட்டால் பலன் தெரியும்: சமப் பங்கீட்டில் நொடிக்குப் பத்துக்கு மேல் துடித்த விம்மல் நாலரையாக அடங்கிவிடும். எஃப் ஷார்ப் மேஜரில் நேர்மாறாக, விம்மல் கூடிக் கூர்மை ஏறும். இரண்டும் சேர்ந்துதான் வல்லோட்டி.

இந்த முறையில் எந்த ஸ்வரமும் 8 சென்ட்டுக்கு மேல் நகராது. பியானோ எளிதில் தாங்கும். கால்-காமா மீன்டோன் என்ற மற்றொரு சமமற்ற முறையிலோ இ ஃப்ளாட் 20 சென்ட்டுக்கு மேல் ஏறும். அதை ஹார்ப்சிகார்டுக்கு விட்டுவிடுவதே நல்லது.

ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளை ஒன்றாக இணைக்கும்போது திரையைவிடக் காதை நம்பலாம். மற்றபடி, டியூன்லேப் தாராளமாகப் பரிந்துரைக்கத்தக்கது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில டெம்பரமென்ட் பட்டியல்கள் சி-யைப் பூஜ்யமாக வைத்து எழுதப்பட்டவை. அதை அப்படியே ஏற்றினால் ஏ 440 ஹெர்ட்ஸிலிருந்து 438.5க்கு இறங்கிவிடும், கூட வாசிக்கும் புல்லாங்குழல்காரர் திண்டாடுவார். பின்னில் லீவரை மாட்டும் முன், ஏ-க்கு நேரே பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.