மட்டக்கம்பு

மலையகத் தேயிலைத் தோட்ட ஊரான எங்கள் வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே புத்தகத்துக்கு முதல் எதிரி அதுதான். என் அலுமாரியில் பூஞ்சணத்துக்குத் தப்பியவை, கதை எழுதச் சொல்லித்தரும் புத்தகங்கள். அடிக்கடி எடுத்துப் புரட்டியதால் பிழைத்தன: ரா.கி.ரங்கராஜன் தபால்வழிப் பாடமாக நடத்தி நூலாக்கிய ‘எப்படிக் கதை எழுதுவது?’, சுஜாதாவின் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’, 2000இல் வந்த ஸ்டீபன் கிங்கின் ‘ஆன் ரைட்டிங்’. மூன்றையும் அடிக்கோடு போட்டுப் படித்த வருடம் நான் ஒரு கதைகூட எழுதவில்லை. எழுதிவிட்ட திருப்தியை அவையே தந்துவிட்டன. என் பெரிய முறைப்பாடு அது.

கதவைச் சாத்திக்கொண்டு எழுது என்கிறார் கிங். வர்ஜீனியா வுல்ஃப் 1929இலேயே தனி அறை கேட்டார். தோட்ட லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் கதவைச் சாத்தினால் மழையில் நிற்கப்போவது அம்மாவா, தம்பியா? காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் எழுதச் சொல்கிறார், எழுத்துப் பயிற்சி தரும் ஜூலியா கேமரன். இங்கே அந்த நேரம் அடுப்புப் புகைக்கும் ரொட்டிக்கும் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவதற்குமே போதாது. நாளுக்கு ஆயிரம் சொல் என்று கிங் தரும் கணக்கு மட்டும் எங்களுக்குப் புதிதில்லை. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு, ஐந்நூறு சொல்லோடு படுக்கிற இரவில் யாரோ பெயர்ப்பதிவுச் செக்ரோலில் அரைப்பேர் எழுதுவது கேட்கும்.

ஆனால் எழுதி முடித்ததைத் திருத்த உட்காரும்போது இதே புத்தகங்கள் கை கொடுக்கின்றன. வினையடையைச் சந்தேகப்படு என்கிறார் கிங். என் கதையொன்றில் ஒரே பக்கத்தில் நாலு பேர் ‘மெதுவாக’ச் சிரித்திருந்தார்கள், மூன்று பேரைச் சும்மா சிரிக்க விட்டேன், பக்கம் தேறியது. அந்தக் கத்தியையே இரட்டைக்கிளவி மேலும் வைத்தால் தமிழ் தாங்காது. ‘சடசட’வென்று கொட்டும் மழையும் ‘பிசுபிசு’வென்று தூறும் மழையும் வேறுவேறு என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போதுகூட, செடி மூச்சுவிட ஒரு கிளையை விட்டுவைப்பதுண்டு.

மலையக எழுத்தாளர் என்.எஸ்.எம்.இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையை (அதே பெயரில் தொகுப்பு 1980இல் வந்தது) இந்தப் பாடங்களோடு ஒட்டிப் பார்த்தேன். ஒரு பெண் வழக்கத்தை மீறி எடுத்த கொழுந்து, அதனால் எழும் சந்தேகம், அது தவறென்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம். எந்தப் பாடநூலும் இதற்கு முழுப் புள்ளி போடும். இராமையா வானொலி நாடகம் எழுதிப் பழகியவர். உரையாடலை எங்கே நிறுத்துவது என்பதை அங்கே கற்றிருக்கலாம். ஆனால் எத்தனை றாத்தலைத் தாண்டினால் ஊர் வாயைத் திறக்கும் என்பது தராசடியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு கணக்குப் பிசகினால் கதையே இல்லை.

அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் வீரகேசரி நாளிதழின் துணையோடு நடந்த மலையகச் சிறுகதைப் போட்டிகள். அங்கே தேறிய கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று தொகுப்பாயின. போட்டிக்குக் கடைசித் திகதி உண்டு. எந்த அறிவுரைப் புத்தகத்திலும் அது இல்லை.

பறிக்கும் மட்டம் சரியா என்று அம்மா மட்டக்கம்பைச் செடி மேல் போட்டுப் பார்ப்பது கொழுந்து வந்த பிறகுதான். நானும் முதல் பிரதி முடியும்வரை அந்த மூன்று புத்தகங்களையும் மேல்தட்டில் ஏற்றிவிடுகிறேன். இந்த ஆனி மழையில் கிங்கின் முதுகில் லேசாகப் பூஞ்சணம் படிந்திருக்கிறது.